எத்தனை பக்கம் ஆச்சு? வாசிப்பு மாரத்தானில் கணக்கு வைக்கும் வழிகள்

வாசிப்பு மாரத்தான் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், முடிந்த மட்டும் வாசிப்பதுதான். ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், ஒரு வார இறுதி முழுக்கவும் வைத்துக்கொள்ளலாம். தனியாகவும் உட்காரலாம், கூட்டாகவும் உட்காரலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஆகஸ்டு 31 மெர்டேக்கா நாளோ செப்டம்பர் 16 மலேசிய தினமோ சனி, ஞாயிறை ஒட்டி வந்துவிட்டால் அதைவிடத் தோதான நாள் கிடைக்காது.

உலக அளவில் பலருக்குத் தெரிந்த வடிவம் 24 மணி நேர மாரத்தான். டூயி என்ற பெயரில் இணையத்தில் எழுதிவந்த வாசகி ஒருவர் 2007 அக்டோபரில் இதைத் தொடங்கிவைத்தார். ஏப்ரலிலும் அக்டோபரிலும், எல்லா நாட்டு வாசகர்களும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை காலை 8 மணி என்றால் நமக்கு இரவு 8 மணி. அவர்கள் தூங்கி எழுந்து உட்காரும்போது நாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார வேண்டும். இன்னொரு வடிவத்தில் 48 மணி நேரத்துக்குள் மொத்தம் 24 மணி நேரம் வாசித்தால் போதும். எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்பது அவரவர் பாடு. முதல் வடிவத்தில் கடிகாரத்தைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரிந்துவிடும். இரண்டாவதில் வாசித்த நிமிடங்களை நாமே கூட்டிக்கொண்டு வர வேண்டும். கணக்கு விட்டுப்போனால் மாரத்தானே கலைந்துவிடும்.

புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் முதலில் எந்தப் புத்தகம் எடுக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கணக்கு எப்படி வைப்பது என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை உட்கார வைப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். நான்காவது, ஐந்தாவது மணி நேரத்தில் எல்லாருக்கும் ஒரு சோர்வு வரும். இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் நகரவில்லையே என்று தோன்றும். ஓட்டப்பந்தய மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு வழியில் நிற்கும் கிலோமீட்டர்ப் பலகைகள் செய்யும் உதவியை, வாசிப்பவருக்கு அவர் எழுதிவைத்த தாள் செய்யும். நகர்ந்திருக்கிறோம் என்பதை அது காட்டிவிடும், மிச்சம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடும்.

வாசித்ததைப் பதிவு செய்வது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியிலிருந்து பள்ளிகளில் நடக்கும் நீலாம் என்ற வாசிப்புத் திட்டத்தில் தலைப்பு, ஆசிரியர், கதைச் சுருக்கம் எல்லாம் எழுதியவர்கள்தாம் இன்றைய இளம் வாசகர்கள். ஆனால் நீலாம் பதிவு, புத்தகத்தை முடித்த பிறகு எழுதுவது. மாரத்தான் கணக்கு, புத்தகம் கையில் இருக்கும்போதே எழுதுவது. அது என்ன வாசித்தோம் என்பதைச் சொல்லும், இது இப்போது எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும். இரண்டும் வேறு வேறு வேலைகள். நீலாம் பாணியில் மாரத்தானை எழுதப் போனால், ஒரு தடித்த நாவலை எடுத்தவருக்கு நாள் முழுக்க எழுத ஒன்றுமே இருக்காது.

எதை எண்ணுவது

எல்லாரும் முதலில் எண்ணுவது பக்கத்தைத்தான். எளிது, எண் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஒரே புத்தகத்தை மட்டும் வாசிப்பதாக இருந்தால் பக்கக் கணக்கு தாராளமாகப் போதும். சிக்கல், இரண்டாவது புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது தொடங்கும். தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. டெம்மி அளவில் நெருக்கி அச்சடித்த ஒரு நாவலின் பக்கமும், கிரௌன் அளவில் பெரிய எழுத்தில் வந்த சிறுகதைத் தொகுப்பின் பக்கமும் ஒன்றாகுமா? கவிதைத் தொகுப்பில் பாதிப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். இவற்றை எல்லாம் கூட்டி இன்று 200 பக்கம் வாசித்தேன் என்று சொன்னால் அந்த எண்ணுக்குப் பெரிதாகப் பொருள் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் புத்தகங்களில் கதை முதல் பக்கத்தில் தொடங்குவது அபூர்வம். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி என்று பதினைந்து இருபது பக்கம் போய்விடும். அவற்றை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல அணிந்துரை ஒரு புத்தகத்துக்குள் நுழையும் வழியைக் காட்டும். ஆனால் கணக்கில் அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கதை 17ஆம் பக்கத்தில் தொடங்கி 312இல் முடிந்தால், உங்கள் முன்னால் இருப்பது 296 பக்கம்.

அடுத்தது நேரம். வாசித்த நிமிடங்களை மட்டும் எண்ணுவது. தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான். நேரத்துக்குப் புத்தக அளவு தெரியாது, எழுத்தின் அளவு தெரியாது, நடை கடினமா எளிதா என்பதும் தெரியாது. ஒரு சங்கப் பாடலை உரையோடு வாசித்து அரை மணி நேரத்தில் நாலு பக்கம் தாண்டியவரும், துப்பறியும் கதையில் முப்பது பக்கம் தாண்டியவரும் அரை மணி நேரம் வாசித்தவர்களே. பக்கத்தை எண்ணும்போது கனமான புத்தகத்தைத் தொடவே கை தயங்கும். நேரத்தை எண்ணினால் அந்தத் தயக்கம் இருக்காது. இதில் நேர்மை ஒன்றுதான் தேவை. நடுவில் கைப்பேசியைப் பார்த்த பத்து நிமிடத்தைக் கழித்துவிட வேண்டும்.

சில நூல்களுக்குப் பக்கமும் பொருந்தாது, நிமிடமும் பொருந்தாது. திருக்குறளை எடுத்துக்கொண்டால் அதன் இயல்பான அளவு அதிகாரம். மொத்தம் 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்துக் குறள். இன்று பத்து அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் நின்று நிதானித்து வாசிக்கலாம். சிறுகதைத் தொகுப்புக்குக் கதை, கட்டுரைத் தொகுப்புக்குக் கட்டுரை, கவிதைக்குக் கவிதை என்று எண்ணுவதே சரி.

மின்னூல் வாசிப்பவர்களுக்கு விழுக்காடு. எழுத்தைப் பெரிதாக்கினால் மின்னூலின் திரைகள் கூடும், சிறிதாக்கினால் குறையும். ஆகவே எத்தனை திரை தள்ளினோம் என்று எண்ணிப் பயனில்லை. கிண்டிலின் அடியில் தெரியும் விழுக்காடு எழுத்தின் அளவைப் பொறுத்து மாறாது. 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளைப் பிடிஎஃப் வடிவில் இறக்கி வாசித்தால் மட்டும் பக்க எண் நிலையாக இருக்கும். ஒலிநூலுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: 1.25 மடங்கு வேகத்தில் கேட்டால் ஒரு மணி நேர ஒலி 48 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த 48ஐத்தான் எழுத வேண்டும்.

ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம்

செயலிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் மாரத்தானுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். தாளில் நாலு கட்டம்: தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், நிறுத்திய பக்கம், ஒரு சிறு குறிப்பு. தொடங்கிய பக்கம் என்று தனிக் கட்டம் வேண்டாம். முந்தைய வரியில் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கம்தான் அது.

செந்தூலில் வசிக்கும் ஒருவர் மெர்டேக்கா நாளில் காலை 8 முதல் இரவு 8 வரை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் வாசிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கையில் மேலே சொன்ன 296 பக்க நாவல். பசியாறிவிட்டு உட்காருகிறார். முதல் அமர்வு 8:10 முதல் 9:00 வரை, நிறுத்திய பக்கம் 48. இரண்டாவது 9:20 முதல் 10:10 வரை, நிறுத்திய பக்கம் 84. குறிப்பில் ‘கதை பிடித்துக்கொண்டது’ என்று எழுதுகிறார். மூன்றாவது 10:30 முதல் 11:20 வரை, நிறுத்திய பக்கம் 112. குறிப்பு: ‘மாமன் பெயரும் கங்காணி பெயரும் குழம்புகின்றன’.

இந்த மூன்று வரியிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் பாருங்கள். மூன்று ஐம்பது நிமிடம், மொத்தம் 150 நிமிடம். 17 முதல் 112 வரை 96 பக்கம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 38 பக்கத்துக்குச் சற்று மேல். மிச்சம் 200 பக்கம். இலக்கில் இன்னும் நாலரை மணி நேரம் இருக்கிறது. அதே வேகத்தில் போனால் 173 பக்கம் ஆகும். அதாவது 285ஆம் பக்கத்தில் நேரம் தீர்ந்துவிடும், 27 பக்கம் நின்றுபோகும். இதை இரவு ஏழரைக்குத் தெரிந்துகொண்டால் எரிச்சல்தான் வரும். காலை 11:20க்கே தெரிந்துவிட்டதால் அவர் நிதானமாக முடிவெடுக்கலாம். இரவில் இன்னொரு முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்காரலாம், அல்லது முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏழு மணி நேரம்தான் இலக்கு என்று அப்படியே போகலாம். இரண்டுமே நல்ல முடிவுதான். வேகத்தைக் கூட்டி வரிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி வாசித்த பக்கங்கள் மறுநாள் மனதில் நிற்பதில்லை.

குறிப்புக் கட்டத்தைப் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாளிலேயே முக்கியமான கட்டம். மூன்றாவது அமர்வில் 28 பக்கம்தான் போயிருக்கிறது, இரண்டாவதில் 36. ஏன் குறைந்தது என்று எண் சொல்லாது. பெயர்கள் குழம்பின என்ற நாலு சொல் சொல்லிவிடும். மருந்தும் கையிலேயே இருக்கிறது: தாளின் பின்பக்கத்தில் பாத்திரங்களின் பெயரையும் உறவையும் எழுதிக்கொண்டால் அடுத்த அமர்வில் வேகம் தானாகத் திரும்பும். குறிப்பு நீளமாக இருக்கக் கூடாது. ஒரு வரிக்கு மேல் போனால் வாசிப்பை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

எழுதும் நேரமும் முக்கியம். ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கணக்குப் பார்த்தால் கதைக்குள் இறங்கவே முடியாது. அமர்வு முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு தடவை எழுதினால் போதும். அமர்வு எவ்வளவு நீளம் என்பது அவரவர் பழக்கம். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் வகுத்த பொமொடோரோ முறையைச் சிலர் வாசிப்புக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாவலுக்கு 25 நிமிடம் குறைவு என்பது என் எண்ணம். கதை சூடு பிடிக்கும்போது மணி அடித்துவிடும். கனமான கட்டுரைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

இடையிடையே பார்வைக்கு ஏதாவது வேண்டும் என்பவர்கள் காகிதத் துண்டு வைக்கலாம். 296 பக்கத்தை நாலாகப் பிரித்தால் 74. ஆகவே 90, 164, 238 ஆகிய பக்கங்களில் ஒவ்வொரு துண்டு. புத்தகத்தை மூடினாலே மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டுகள் எவ்வளவு தாண்டினோம் என்பதைக் காட்டும். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்திலிருந்தோ, டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் இருக்கும் கோலாலம்பூர் நூலகத்திலிருந்தோ இரவல் எடுத்த புத்தகம் என்றால் பென்சில் கோடு கூடாது, ஒட்டும் தாளும் வேண்டாம். சாதாரணக் காகிதத் துண்டே நல்லது.

சாப்பாட்டுக்கு அப்புறம்

மதியம்தான் சோதனை. நம் செந்தூல்காரர் சாப்பிட்டுவிட்டு 2:00 முதல் 2:50 வரை வாசித்து 130ஆம் பக்கத்தில் நிற்கிறார். ஐம்பது நிமிடத்தில் 18 பக்கம். காலையில் போன வேகத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தாள் இல்லாவிட்டால் இதைச் சோம்பல் என்றோ, புத்தகம் சரியில்லை என்றோ நினைத்திருப்பார். தாளைப் பார்த்தால் நேரத்தின் குற்றம் என்று தெரிகிறது. உடம்பு ஓய்வு கேட்கிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது, மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை வந்தால் இன்னும் தூக்கம் வரும்.

இங்கே இரண்டு வழி உண்டு. இருபது நிமிடம் தூங்கி எழுந்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு உட்காரலாம். அல்லது புத்தகத்தை மாற்றலாம்: நாவலை மூடிவிட்டு ஒரு சிறுகதை, அல்லது நாலு கவிதையை வாய்விட்டு வாசிப்பது. நாவலை மாற்றினாலும் நேரக் கணக்கு அப்படியே ஓடும் என்பதால்தான் நேரத்தை முதல் அளவாகவும் பக்கத்தை இரண்டாவது அளவாகவும் வைக்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதினாலும், ‘இன்று எவ்வளவு’ என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது நேரத்தை.

நாள் முழுக்க வீட்டில் உட்கார முடியாதவர்கள் உண்டு. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். பத்துமலையிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயிலில் போகும் அரை மணி நேரம் ஒரு நல்ல அமர்வு. ரயிலில் நின்றுகொண்டு பென்சிலைத் தேட வேண்டாம். ஏறியதும் திறந்த பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம், இறங்கும்போது நிறுத்திய பக்கத்தை இன்னொரு படம். பக்க எண் படத்திலேயே இருக்கிறது, எடுத்த நேரத்தைக் கைப்பேசி தானாகவே பதிந்துவைத்திருக்கும். வீட்டுக்கு வந்து தாளில் ஏற்றிக்கொள்ளலாம்.

செயலிகள் பற்றிக் கொஞ்சம். குட்ரீட்ஸ் 2007 முதல் இருக்கிறது, 2013இல் அமேசான் அதை வாங்கியது. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையோ எத்தனை விழுக்காடு என்பதையோ அதில் பதியலாம். ஸ்டோரிகிராஃப் அதற்குப் பின்னால் வந்தது. ஆண்டுக்கு எத்தனை பக்கம், எத்தனை மணி நேர ஒலி என்று வரைபடமாகக் காட்டும். ஆங்கிலப் புத்தகங்களுக்கு இரண்டும் வசதியானவை. தமிழ்ப் புத்தகங்கள், அதிலும் மலேசியாவில் வெளிவந்தவை, பல நேரங்களில் அவற்றில் இருப்பதில்லை. இருந்தாலும் வேறு பதிப்பின் பக்க எண்ணிக்கை இருக்கும். நம் கையில் இருப்பது 312 பக்கம், செயலியில் 280 என்று இருந்தால் விழுக்காடு தப்பாகத்தான் வரும். செயலி இடம் கொடுத்தால், புத்தகத்தை நாமே அதில் சேர்த்துச் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, அடுத்து வருபவருக்கும் அது உதவும். இதை மாரத்தானுக்கு முந்தின நாளே செய்துவிட வேண்டும். மாரத்தான் நேரத்தில் செயலியைத் திறந்தால் பக்கத்திலேயே வாட்ஸ்அப் காத்திருக்கும்.

கூட்டாக வாசிக்கும்போது

கூட்டாக வாசிப்பவர்களுக்கு வாட்ஸ்அப் தவிர்க்க முடியாதது. மணிக்கு ஒரு முறை எல்லாரும் தங்கள் நிலவரத்தைப் போடுவார்கள். அங்கேதான் பக்கக் கணக்கு மனதைக் கெடுக்கும். ஒருவர் 90 பக்கம் என்று போட்டதும், 30 பக்கம் வாசித்தவர் பேசாமல் ஒதுங்கிவிடுவார். குழுவில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அக்கா, நீங்க எத்தனை பக்கம் ஆச்சு?”

“பக்கம் எண்ணலைம்மா. ரெண்டு மணி நேரம் ஆச்சு, பதினொரு கவிதை. ஒன்னு மட்டும் மூனு தடவை படிச்சேன்.”

“அந்த ஒன்ன இங்க போடுங்கக்கா, நாங்களும் பார்க்கிறோம்.”

அக்கா சொன்ன மாதிரி எல்லாரும் நேரத்தோடு ஒரு வரியும் சேர்த்துப் போட்டால் குழுவே வேறு மாதிரி ஆகிவிடும். பிடித்த வரி, புரியாத சொல், கோபம் வந்த இடம், எதுவானாலும் சரி. யார் முன்னால், யார் பின்னால் என்ற பேச்சு அடங்கி, யார் என்ன வாசிக்கிறார்கள் என்ற பேச்சு வரும். குழுவின் மொத்த நேரத்தையும் ஒருவர் கூட்டிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது. எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம் என்றால் குழு ஒரு முழு நாள் வாசித்திருக்கிறது. மெதுவாக வாசிப்பவரின் நிமிடமும் அந்தக் கூட்டலில் அதே மதிப்போடு சேரும்.

பிள்ளைகளுக்கு எண்களே வேண்டாம். ஒரு தாளில் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்து கொடுத்து, பத்து நிமிடம் வாசித்தால் ஒரு சதுரத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் என்பது ஒரு பிள்ளை சிணுங்காமல் உட்காரும் நேரம்; ஆறு சதுரம் நிறைந்தால் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று அதுவே கண்டுபிடிக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் ஓடி ஓடி வாசிக்கும் பிள்ளைக்கும் சதுரம் ஒன்றுதான். அண்ணனோடு தங்கையை ஒப்பிடுவதற்கு வழியே இல்லாமல் போகிறது, வீட்டில் அது பெரிய நிம்மதி. அம்மா வாசித்துக் காட்டிய பத்து நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கேட்பதும் வாசிப்பில் சேர்த்திதான்.

முடிந்த பிறகு தாளைத் தூக்கிப்போட வேண்டாம். உங்கள் வேகம் என்ன, எந்த நேரத்தில் நன்றாக ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் கண் களைக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த தடவை எந்தத் தடிமனில் புத்தகம் எடுக்கலாம் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்: மணிக்கு 38 பக்கம் போகிறவர் ஐந்து மணி நேரத்துக்கு 190 பக்கப் புத்தகம் எடுத்தால் அவசரம் இல்லாமல் முடிக்கலாம். கடினமான அத்தியாயங்களைக் காலை அமர்வுக்கும், இலேசானவற்றை மதியத்துக்கும் ஒதுக்கிவைக்கலாம். இரவல் புத்தகமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் முன் தாளை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.